கம்ப்யூட்டருக்கு முத்திரை போட்ட அம்மையார்

79 வயது வரை கடற்படையில் உழைத்தவர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலை மேல் இருக்கிறது வெள்ளிமலை. அங்கே ஒரு குடியானவர் சாமையைப் படியால் அளந்து மூட்டை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையை விட்டு இறங்கி, மண்டியில் மூட்டையை அவிழ்க்கிறார். மலையில் இருக்கும் படி ஓர் அளவு, மண்டியில் இருக்கும் படி வேறு அளவு என்றால் என்ன ஆகும்? அளந்ததையே மறுபடியும் அளக்க வேண்டும். சண்டையும் வரும்.

அதற்காகத்தான் படிக்கும் எடைக்கல்லுக்கும் சர்க்கார் முத்திரை போடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் உலகிலும் ஒரு காலத்தில் இதே தொல்லை இருந்தது. ஓர் இயந்திரத்துக்கு எழுதிய கணக்கு, இன்னோர் இயந்திரத்தில் ஓடாது. அந்தத் தொல்லையைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர்.

ஏழு கடிகாரங்கள்

1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் நகரில் கிரேஸ் பிறந்தார்.

ஏழு வயதில் அவருக்கு ஓர் ஆசை. அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்! ஒரு கடிகாரத்தைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அடுத்ததைப் பிரித்தார். கடைசியில் வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாகக் கிடந்தன. தாயார் அவரைத் தடுக்கவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி மட்டும் சொன்னார்.

கணக்கில் கிரேஸ் கெட்டிக்காரர். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம் என்றார்கள். எடையும் 15 பவுண்டு குறைவு. அவர் விடவில்லை. விசேஷ அனுமதி வாங்கி, 1943-ம் ஆண்டு கடைசியில் சேர்ந்தார்.

அவரைக் கப்பலுக்கு அனுப்பவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது 'மார்க் 1' என்ற ராட்சதக் கணக்கு இயந்திரம். நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை சுமார் 5 டன்!

இயந்திரத்துக்கு ஒரு துபாஷி

அந்தக் காலத்து இயந்திரங்களுக்கு எண்கள்தான் புரியும். அதிலும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒவ்வொரு குறிமுறை. பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால், எழுதியதெல்லாம் வீண். பல பேர் பல மாதம் பாடுபட்டு எழுதியதை முதலிலிருந்து எழுத வேண்டும்.

இது என்ன வேலை என்று யோசித்தார் கிரேஸ் அம்மையார். 1949-ல் அவர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தார். 'யூனிவாக்' என்ற கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனி அது. அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளையெல்லாம் சேர்த்து நாடாவில் பதிந்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் போதும். இயந்திரமே தேடி எடுத்து, கோர்த்து, முழுக் கட்டளையாக்கிவிடும். 1952-ல் இது நடந்தது.

இதற்கு அவர் வைத்த பெயர் 'கம்பைலர்'. தொகுப்பவர் என்று பொருள்.

கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும், தனக்குத் தானே கட்டளை எழுதிக்கொள்ளுமா என்று பலர் நம்ப மறுத்தார்கள். அம்மையார் அடுத்த படிக்குப் போனார். சாதாரண ஆங்கிலச் சொற்களில் கட்டளை எழுதினால், அதை இயந்திரத்தின் எண்களாக மாற்றும் கம்பைலரையும் செய்து காட்டினார்.

வெள்ளைக்காரன் காலத்தில், இரண்டு பாஷை அறிந்த துபாஷி நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வார் அல்லவா? கம்பைலரும் அப்படித்தான். புது இயந்திரம் வந்தால் துபாஷியை மாற்றினால் போதும். மனிதர் எழுதியதை மாற்ற வேண்டாம்.

வந்தது 'கோபால்'

1959-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்க ராணுவத் தலைமையகத்தில் சர்க்கார் அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் கூடினார்கள். எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவாக ஒரு பாஷை வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'கோபால்'. நம் ஊர்க் கோபால் அல்ல. வியாபாரக் கணக்குக்கான கம்ப்யூட்டர் பாஷை! பலர் கூடி உருவாக்கியது அது. ஆனாலும் அதற்கு அஸ்திவாரம் அம்மையாரின் ஆங்கிலச் சொல் முறைதான்.

1960 டிசம்பரில் சோதனை நடந்தது. கோபாலில் எழுதிய ஒரே கட்டளையை இரண்டு கம்பெனிகளின் இயந்திரங்களில் ஓட்டினார்கள். சில சின்ன மாற்றங்களோடு, இரண்டிலும் ஓடியது!

ஆனால் அந்தச் சின்ன மாற்றங்களே நாளாக ஆகப் பெருகின. ஒவ்வொரு கம்பெனியும் தன் கம்பைலரில் தன் இஷ்டத்துக்கு எதையாவது சேர்த்தது. பெயர் கோபால்தான். ஆனால் ஒருவர் கோபால் இன்னொருவருக்குப் புரியவில்லை. படி ஒன்று, அளவு வேறு!

ஆறு மாதம் 19 வருஷம் ஆனது

1966-ம் ஆண்டு முடிவில் அம்மையாருக்குக் கடற்படையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வயது 60. அது அவருக்கு மிகவும் துக்கமான நாள்.

ஏழு மாதம் கழிந்தது. கடற்படையில் ஓர் இடத்தில் எழுதிய கணக்கு இன்னோர் இடத்தில் ஓடவில்லை. வேறு வழி இல்லை, அம்மையாரையே கூப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்கு மட்டும் என்றார்கள். இடையில் ஒரு சிறு இடைவெளி தவிர, அந்த ஆறு மாதம் 19 வருஷமாக நீண்டது!

அம்மையாரும் அவர் குழுவினரும் கம்பைலர்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். விடை முன்பே தெரிந்த பல சிறு கட்டளைகளை எழுதினார்கள். ஒவ்வொரு கம்பெனியின் கம்பைலரிலும் அவற்றை ஓட்டினார்கள். சரியான விடை வந்ததா? கம்பைலர் நல்லது. வரவில்லையா? கம்பெனி திருத்திக் கொண்டுவர வேண்டும். பிற்பாடு அமெரிக்க சர்க்காரும் இப்படிப் பரீட்சை செய்த கம்பைலர்களையே கேட்டு வாங்கத் தொடங்கியது.

படிக்கு முத்திரை விழுந்துவிட்டது!

அம்மையாரின் அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. அதன் முள் தலைகீழாகச் சுற்றும். ஆனாலும் மணி சரியாகக் காட்டும். எப்போதும் இப்படித்தான் செய்தோம் என்று சாக்குச் சொல்லி வருகிறவர்களுக்கு அந்தக் கடிகாரமே பதில்.

1986 ஆகஸ்டில், 79-ம் வயதில், ரியர் அட்மிரல் பதவியில் ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1-ந் தேதி காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவர் பெயர் சூட்டிய போர்க்கப்பல் ஒன்று 1997-ல் கடற்படையில் சேர்ந்தது.

பல நாட்டு வங்கிகளின் கணக்கு இன்றும் கோபாலில் ஓடுகிறது. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அந்த இயந்திரங்களும் போய்விட்டன. எழுதிய கணக்கு மட்டும் நிற்கிறது.

வெள்ளிமலையில் ஒரு பையன் கையில் வைத்திருக்கும் செல்போனிலும் இதே கதைதான். போனை நடத்தும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்ததும், பழைய செயலி ஒன்று ஓடாமல் நின்றுவிடுவது உண்டு. எங்கோ ஒரு படி அளவு மாறிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான செயலிகள் நிற்காமல் ஓடுகின்றன என்றால், யாரோ பொறுமையாக உட்கார்ந்து பரீட்சை செய்திருக்கிறார்கள்.

அந்தப் பொறுமைக்கு வழிகாட்டியவர், ஏழு கடிகாரங்களைப் பிரித்துப் போட்ட அந்தச் சிறுமிதான்.