தாயுயிர் காத்த தகைமையாளர் ஜேம்ஸ் பிளண்டெல்

மகவை ஈன்ற மகிழ்ச்சி மறையுமுன்னே தாய் உயிர் துறப்பதினும் கொடிய துயர் உண்டோ? பேற்றுக்குப்பின் அடங்காது பெருகும் இரத்தப்போக்கு, சில மணி நேரத்திற்குள் தாயின் உயிரைப் பறித்துவிடும். அக்கொடுமையை எதிர்த்துப் போராடிய பெருமகனார் ஜேம்ஸ் பிளண்டெல்.

இவர் 1790ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1813இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் திரும்பி, மகப்பேற்று மருத்துவமும் உடலியலும் கற்பிக்கலானார்.

பிள்ளை பெற்ற பெண்ணொருத்தி இரத்தம் வடிந்து மாள்வதைக் கண்ட அவர் உள்ளம் உருகியது. இழந்த இரத்தத்தை மீண்டும் ஊட்டினால் என்ன என்று சிந்தித்தார். 1667இல் பாரிசில் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை மனிதருக்குச் செலுத்தினர். அதன்பின் நேர்ந்த சாவினால் அம்முறை தடை செய்யப்பட்டு, ஏறத்தாழ 150 ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்தது. பிளண்டெலோ நாய்களிடம் ஆய்வு நடத்தி, ஓரினத்திற்கு வேற்றினத்தின் இரத்தம் தீங்கே என உணர்ந்தார். மனிதருக்கு மனித இரத்தமே ஏற்றது எனத் துணிந்தார்.

1818 டிசம்பரில், வயிற்றுப் புற்றுநோயால் சாகும் தறுவாயிலிருந்த ஒருவருக்கு இரத்தம் செலுத்தினார். அவர் பிழைக்கவில்லை. எனினும் பிளண்டெல் மனந்தளரவில்லை. வேறு வழியே இல்லாத நிலையில் மட்டுமே இம்முறையைக் கையாண்டார். பேற்றுக்குப்பின் இரத்தமிழந்த ஓர் இளந்தாய்க்கு ஏறத்தாழ 8 அவுன்ஸ் இரத்தம் மூன்று மணி நேரத்தில் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டது. அவள் பிழைத்தாள்! 1829இல் இச்செய்தி 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஆயினும் சிலர் பிழைக்க, சிலர் இறந்ததேன்? காரணம் அவர் காலத்தில் விளங்கவில்லை. 1878இல் அவர் மறைந்தார். 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் இரத்த வகைகளைக் கண்டறிந்த பின்னரே அப்புதிர் அவிழ்ந்தது.

இன்று இத்தகைய தாய்க்கு, கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து, பிராணவாயு, வகை பார்த்த இரத்தம் ஆகியவற்றை விரைந்து கொடுத்து உயிர் மீட்கின்றனர். எனினும், உலகில் தாய்மார் இறப்புக்கு இரத்தப்போக்கு இன்றும் ஒரு முதன்மைக் காரணமாகும். மருந்தைத் தொழிற்சாலை செய்யும். இரத்தத்தையோ மனிதர்தாம் ஈய வேண்டும்.

அன்புத் தோழியரே! நம் நாட்டில் 18 வயது நிரம்பிய, உடல்நலமுள்ள எவரும் இரத்த தானம் செய்யலாம். சத்தான உணவுண்டு, இரத்தசோகை நீக்கி, அந்நாளுக்கு நம்மை ஆயத்தம் செய்வோம். முகமறியாத் தாயொருத்தி தன் மகவை அணைத்து மகிழ நம் இரத்தம் உதவட்டும்!