தச்சர் மகன் வரைந்த விமானங்கள்

லண்டனுக்குத் தென்மேற்கே, தேம்ஸ் நதிக்கரையில் கிங்ஸ்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழங்காலத்து ராஜாக்கள் சிலருக்கு முடிசூட்டிய ஊர் என்பார்கள். ராஜாக்கள் கதை நமக்கு எதற்கு? அந்த ஊரில் நாற்பது வருஷத்துக்கு மேல் பென்சிலும் அளவுகோலுமாக உழைத்த ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். பெயர் சிட்னி கேம்.

1893இல் வின்சர் நகரில் பிறந்தவர். ராஜா அரண்மனை இருக்கிற ஊர்தான், ஆனால் இவர் பிறந்தது தச்சர் வீட்டில். பன்னிரண்டு பிள்ளைகளில் மூத்தவர். மூத்த பிள்ளையின் பாடு நம்மவர்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்! 1908இல் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அப்பாவைப் போலவே உளியைக் கையில் எடுத்தார்.

ஆனால் மனசு ஆகாயத்தில் இருந்தது. தம்பியோடு சேர்ந்து சின்னச் சின்ன விமானப் பொம்மைகள் செய்து கடைக்குக் கொடுத்தார். பக்கத்தில் ஈட்டன் என்ற பணக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். நேரே அந்தப் பையன்களிடம் விற்றால் கூடுதல் காசு கிடைக்கும் என்று தெரிந்தது. கடைக்காரருக்கும் தெரியக்கூடாது, வாத்தியாருக்கும் தெரியக்கூடாது. ராத்திரியில் போய், மாடியிலிருந்து தொங்கும் கயிற்றில் பொம்மையைக் கட்டி மேலே அனுப்புவார்களாம். கெட்டிக்காரப் பிள்ளைகள்!

1914இல் மார்ட்டின்சைடு என்ற விமானக் கம்பெனியில் தச்சராகச் சேர்ந்தார். அந்த நாளில் விமானம் என்றால் மரச்சட்டமும் அதன்மேல் இழுத்துக் கட்டிய துணியும்தானே. தச்சுப் பட்டறையிலிருந்து வரைபட அறைக்கு ஏறினார். பட்டம் கிடையாது, கல்லூரி வாசலை மிதித்ததும் கிடையாது. சண்டை முடிந்ததும் கம்பெனிக்கு வேலை வற்றியது. 1921இல் அது முறிந்துபோனது.

கிங்ஸ்டனிலும் அப்போது இதே கதைதான். 1912இல் சாப்வித் என்பவர் அங்கே சக்கரக்காலணி ஆட்டம் ஆடும் கூடம் ஒன்றைப் பிடித்துப் பட்டறை போட்டார். முதல் உலகப் போரில் பேர்வாங்கிய கேமல் போர் விமானம் பிறந்தது அங்கேதான். அமைதி வந்தது, ஆர்டர் நின்றது, 1920இல் கதவை மூடினார்கள். அதே ஆள்கள் ஹாக்கர் என்ற புதுப் பெயரில் மறுபடி தொடங்கிய கம்பெனிக்குத்தான் 1923இல் கேம் வந்து சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் தலைமை வடிவமைப்பாளர். முன்கோபக்காரர்; வரைபடத்தில் ஒரு கோடு பிசகினாலும் ஆள் தொலைந்தான்!

அவர் பெயரை நிலைநாட்டியது ஹரிக்கேன். 1935 நவம்பர் 6ஆம் தேதி முதலில் பறந்தது. மறுவருஷம் அரசாங்க ஆர்டர் வருமுன்பே, ஆயிரம் விமானத்துக்கு ஆயத்தம் செய்யக் கம்பெனி துணிந்தது. ஜூனில் 600க்கு ஆர்டர் வந்தது. அந்தச் சில மாத முந்துதல் பெரிய காரியம். 1940இல் ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்க வந்தபோது, வானத்தில் அதிகமாக நின்றவை ஹரிக்கேன்களே. பேரும் புகழும் ஸ்பிட்ஃபயருக்குப் போனது. ஆனால் எதிரி விமானங்களை அதிகம் வீழ்த்தியது ஹரிக்கேன்.

அதன் உடம்பு எஃகுக் குழாய்ச் சட்டம். மேலே மரவரிச்சல், அதன்மேல் துணி. பழைய பாணி என்று சிலர் சிரித்தார்கள். ஆனால் பட்டறைக்காரனுக்குப் பழகிய வேலை அது. குண்டு துளைத்தால் துணியை ஒட்டுப்போட்டு மறுபடி ஏற்றிவிடலாம். தச்சர் மகனின் புத்தி அதில் தெரிகிறது என்றே நமக்குப் படுகிறது.

இந்த விமானம் நம் பக்கமும் வந்தது. 1942 ஜனவரியில் 51 ஹரிக்கேன்கள் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் சிங்கப்பூருக்கு வந்தன. அவசர அவசரமாகப் பூட்டிப் பறக்கவிட்டார்கள். முதலில் சில குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினாலும், ஜப்பானியரின் ஸீரோ விமானங்கள் துணைக்கு வந்ததும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வந்ததே தாமதம், எண்ணிக்கையும் கொஞ்சம். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்குப் பிறகு நம் ஜனங்கள் பட்டதை, சயாம் மரண ரயில் உட்பட, இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

போருக்குப் பின் ஹண்டர் என்ற ஜெட் விமானம், 1951இல் பறந்தது. சிங்கப்பூர் விமானப் படையே 1970களிலும் 1980களிலும் அதை வைத்திருந்தது. 1953இல் கேமுக்கு சர் பட்டம் கிடைத்தது. கடைசியில் அவர் பார்வையில் உருவானது, ஓடுபாதை இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே மேலே எழும்பும் விமானம். 1960இல் அதன் மாதிரி தரையை விட்டு எழும்பியது. அதிலிருந்து வந்த ஹேரியர் 1966 ஆகஸ்டில் பறந்தபோது கேம் உயிரோடு இல்லை. அந்த மார்ச் 12ஆம் தேதி, கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்த இடத்திலேயே காலமாகிவிட்டார்.

கிங்ஸ்டனின் விமானத் தொழிற்சாலை 1992இல் மூடப்பட்டது. வேலை செய்தவர்கள் வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் பிரிந்து போனார்கள். அந்த இடத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன.