மானிப்பாய் கிறீன் வைத்தியர்

கற்றவன் தான் கற்றதைத் தன்னளவில் நிறுத்திக்கொள்ளாது பிறர்க்கும் வழங்கக் கடவன் என்பது யாவரும் உடன்படும் உண்மையாம். ஆயின், எம்மொழியில் வழங்குவது என்னும் வினா எழுமிடத்து நம்முட் பலர் மயங்கி நிற்கின்றோம். மேனாட்டுக் கலைகள் தமிழில் அடங்கும் என்பாரும் அடங்கா என்பாரும் இன்றும் வாதித்துக்கொண்டிருக்க, ஒன்றரை நூற்றாண்டிற்கு முன்னரே அதனைச் செய்து காட்டிச் சென்றார் ஒருவர். அவர் தமிழருமல்லர், தமிழ்ப் புலவருமல்லர். மருத்துவப் பட்டம் பெற்ற இளைஞராய்க் கடல் கடந்து இலங்கைத் தீவிற்கு வந்த அமெரிக்கர். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அப்பெரியாருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10ஆம் நாள் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தமையனார் அண்ட்ரூ கிறீன், நியூயார்க் மாநகரின் நடுவிலுள்ள புகழ்பெற்ற பெரும் பூங்காவை அமைப்பதில் முன்னின்றவர். அந்நகரைச் சுற்றியிருந்த ஊர்களை ஒன்றாக்கிப் பெருநகராக்கிய பெருமையும் அவரைச் சார்ந்ததாம். தம்பியாராகிய நம் கிறீன், நியூயார்க் வைத்தியக் கல்லூரியிற் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். தமையனாருடைய செல்வாக்கு வளர்ந்துவந்த அந்நகரிலேயே தங்கியிருப்பின், அவரும் பொருளும் புகழும் ஈட்டியிருத்தல் கூடும். அவரோ அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் செல்ல உடன்பட்டு, 1847ஆம் ஆண்டு ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்திற் கப்பலேறினார். அதற்கு முந்திய அக்டோபரிலேதான் அந்நகர மருத்துவசாலையில் ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து நோயாளி நோவறியாமல் சத்திர சிகிச்சை செய்யும் முறை உலகறியக் காட்டப்பெற்றது. மருத்துவக் கலை புத்துயிர் பெற்றுவந்த காலம் அது.

சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலமாதலின், பாய்க் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வருதல் வேண்டும். பல மாதம் கடலிற் கழித்து அக்டோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. பனியும் குளிரும் மிகுந்த நாட்டிற் பிறந்தவர்க்கு, பனங்காடுகளும் கிணற்று நீரையே நம்பிய தோட்டங்களும் சுடுவெயிலும் நிறைந்த அந்நிலம் எத்துணைப் புதிதாகத் தோன்றியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்க மிஷன் 1816 முதலே அங்கு ஊன்றியிருந்தது. 1819இல் வந்த ஸ்கடர் வைத்தியர் பண்டத்தரிப்பிலும், அவர்க்குப் பின் வார்ட் வைத்தியர் வட்டுக்கோட்டையிலும் மருத்துவத் தொண்டு புரிந்திருந்தனர். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிப் பின் 1848இல் மானிப்பாய்க்குச் சென்றார். அவ்வூரே அவர் பெயரோடு என்றும் பிரியாது நிற்பதாயிற்று.

நோயாளர் நாடோறும் திரண்டனர். தாம் ஒருவராக எத்துணைப் பேர்க்கு மருந்து கொடுப்பினும் நாட்டு நோய் தீராது என்பதைக் கிறீன் விரைவில் உணர்ந்தார். ஆதலின் அவ்வாண்டிலேயே இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் பயிற்றத் தொடங்கினார். அக்காலத்துப் பயிற்சி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. மாணாக்கரும் நன்கு தேறினர். ஆயினும் ஆங்கிலத்திற் பயின்றவருட் பலர் அரசாங்கச் சம்பளத்தை நாடிப் பிறவூர்களுக்குச் சென்றனர். எந்தக் கிராமத்து மக்களுக்காக அவர் பயிற்றினாரோ, அக்கிராமம் மருத்துவரின்றியே கிடந்தது.

1857இல் தாயகம் சென்ற கிறீன், 1862இல் மார்கரெட் அம்மையாரை மணந்து, அவரோடு மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இம்முறை அவர் கொண்ட துணிபே அவர் வரலாற்றின் உயிர்நிலையாகும். இனி மருத்துவம் முழுவதையும் தமிழிலேயே கற்பிப்பது. தமிழிற் கற்றவன் தன் ஊரிலேயே தங்கி, தன் மக்களோடு வாழ்ந்து, தொழில் புரிவான் என்பதே அவர் கருத்து. தம் மாணாக்கர் மேனாட்டு உடையையும் பழக்கங்களையும் பின்பற்றித் தம் மக்களுக்கு அயலாராகிவிடுதலையும் அவர் விரும்பிலர்.

கற்பிக்கத் துணிந்தார்க்கு நூல்கள் வேண்டுமல்லவா? மகப்பேற்று மருத்துவம் பற்றி மான்ஸெல் எழுதிய நூலை 1857இலேயே அவர் தமிழாக்கி வெளியிட்டிருந்தார். பின்னர், கற்றுத் தேர்ந்த தம் மாணாக்கரையும் துணைக்கொண்டு, 1867இல் சத்திர வைத்தியம் பற்றிய ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’, 1883இல் ‘மனுஷ சுகரணம்’ என ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுத்தினார். இவற்றுள் ‘மனுஷ அங்காதிபாதம்’ கிரே என்பாரது உடற்கூற்று நூலின் தமிழாக்கம். அம்மூலநூல் லண்டனில் 1858இல்தான் முதன்முதல் வெளிவந்தது. பதினான்கு ஆண்டுகளுள் அது தமிழ் பேசிற்று! இவ்வாறு வெளிவந்தவை எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்படும்.

கலைச்சொற்களைத் தேடியதில் அவர் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார். முதலாவது, தமிழில் வழங்கும் சொல் உளதா என ஆராய்வது. இல்லையாயின் வடமொழியை நாடுவது. அங்கும் கிட்டாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்பத் திரித்து எழுதுவது. ‘அங்காதிபாதம்’ நாட்டு மருத்துவ நூல்களில் முன்னரே வழங்கிய சொல். ‘சுகரணம்’ வடமொழிச் சார்புடையது. ‘கெமிஸ்தம்’ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் உடுத்தியது. இம்மூன்று நூற்பெயர்களுமே அவரது முறையைத் தெளிவாகக் காட்டுவனவாம். வடசொற் கலப்பு மிக்க அவர் நடை இன்று படிப்பார்க்குக் கடினமாகத் தோன்றலாம். எனினும் அகராதித் துணையும் முன்னோர் வழியும் இல்லாத காட்டிலே பாதை வெட்டினவர் அவர் என்பதை நாம் மறத்தல் கூடாது.

1866, 1867ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடியது. அக்கொடுங் காலத்தில் கிறீனும் அவரிடம் பயின்றோரும் நோயாளரிடையே நின்று தொண்டாற்றினர். அவர்பால் மருத்துவம் கற்று வெளியேறியவர் 60 பேருக்கு மேற்படுவர்.

1873இல் உடல்நலம் குன்றி, அவர் யாழ்ப்பாணத்தை விட்டுத் தம் ஊர் சென்றார். சென்றவர் ஓய்ந்திருந்தாரல்லர். வூஸ்டரில், தமிழ் பேசுவார் எவருமில்லாத ஊரில், மானிப்பாயிலிருந்து வரும் கைப்பிரதிகளைத் திருத்தியும் நூல்களைச் செப்பஞ்செய்தும் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் உயிர் நீத்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்னும் பொருள்பட அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. பிறந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டவர்க்கு, அவர் வாழ்ந்து தொண்டாற்றிய மக்களின் பெயரே அடையாளமாயிற்று.

அவர் தொடங்கிய முயற்சி நிலைத்ததா என்று கேட்பின், இல்லை என்றே வருத்தத்துடன் விடையளித்தல் வேண்டும். கொழும்பில் 1870இல் தோன்றிய அரசாங்க வைத்தியப் பள்ளி ஆங்கிலத்திலேயே நடந்தது. பதவியும் ஊதியமும் அவ்வழியே சென்றன. கிறீன் சென்றபின் தமிழ் வகுப்புத் தளர்ந்து மறைந்தது. அவர் நூல்கள் பழம்பொருள்களாயின. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனையே நம் கண்முன் நிற்கின்றது. ஆயினும் தோற்றது மொழியன்று. அதனைத் தாங்க வேண்டியவருடைய ஊக்கமே என்பது எம் கருத்து. மருத்துவத்தைத் தமிழிற் சொல்லலாம், கற்பிக்கலாம், கற்றவர் நோய் தீர்க்கலாம் என்பதற்கு அவருடைய மாணாக்கரே சான்றாயினர்.

இக்கல்லூரியிற் பயிலும் நாம் விரைவிற் பட்டதாரிகளாய் வெளியேறுவோம். நம்முட் சிலர் தொழில் கருதிக் கடல் கடந்தும் செல்வர். அது குற்றமன்று; கிறீனும் அங்ஙனம் சென்றவரே. ஆனால், சென்றவிடத்து மக்களைத் தம் மொழிக்கு இழுக்காது, தாம் அவர் மொழியிற் புகுந்து, கற்றதையெல்லாம் அதன்கண் வைத்துச் சென்றார் அவர். பிறநாட்டார் ஒருவர் நம் மொழிக்குச் செய்ததை அம்மொழியிற் பிறந்த நாம் செய்யாதிருத்தல் தகுமோ? தமிழ் பயிலும் மாணவர் சொற்களைத் தருக. அறிவியல் பயிலும் மாணவர் பொருளைத் தருக. இருவரும் ஒருங்கிருந்து உழைப்பின், கிறீன் வைத்தியர் விட்டுச்சென்ற பணி மீண்டும் தொடங்கும்.