திவான் பகதூர் சுவாமிக்கண்ணுப் பிள்ளை

குற்றாலத்துச் சாரற்காலத்தில் அருவியாடித் தென்காசி சேர்ந்த யாம், 1446-ஆம் ஆண்டிற் பராக்கிரம பாண்டியன் எடுக்கத் தொடங்கிய விசுவநாதர் திருக்கோயிலிற் கல்வெட்டுக்களைக் கண்டு நின்றோம். பாண்டியர் கல்வெட்டுக்களிற் காலம் எளிதில் விளங்குவதன்று. ஆட்சியாண்டு, ஞாயிறு நின்ற இராசி, பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் என்னுங் குறிப்புக்களுள் அது மறைந்து கிடக்கும். இரண்டாவதின் எதிர் பதின்மூன்றாவது என்றிருப்பின் பதினைந்தாம் ஆண்டெனக் கொள்ளல் வேண்டும். சகாப்தமாயின் 78 அல்லது 79, கொல்லமாயின் 824 அல்லது 825 என மாதத்திற்கேற்பக் கூட்டல் வேண்டும். சடையவர்மன், மாறவர்மன் என்னும் பட்டங்களும், சுந்தரன், குலசேகரன் என்னும் பெயர்களும் மீண்டும் மீண்டும் வருதலால், நாள் துணியப்படாவிடிற் பேரன் செய்த அறம் பாட்டன் பெயரிற் சேர்ந்துவிடும்.

இவ்விருளை நீக்க உழைத்தோருள் முதன்மையானவர் லூயிஸ் தொமினிக் சுவாமிக்கண்ணுப் பிள்ளை. 1865-இற் பிறந்த அவர், சட்டம் பயின்று, சென்னை அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்தவர். ஜெர்மானியப் பேராசிரியர் கீல்ஹார்ன் முன்னர்த் தொடங்கிய பாண்டியர் காலக் கணிப்பை இவர் மேலும் வளர்த்தார். 1911-இல் 'இந்தியன் குரோனாலஜி' என்னும் நூலை வெளியிட்டார். 1922-இல் வெளிவந்த 'இந்தியன் எபிமெரிஸ்', கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்குங் கிழமை, திதி, நட்சத்திரங்களை வகுத்துக் காட்டுவது. இக்காலக் கணிப்பொறி, ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய நாட்டொகையை நொடியில் தேதியாக மாற்றுகின்றது. அத்தகைய வேலையை அவர் வாய்பாடுகளாற் செய்தார்.

திதியுங் கிழமையும் நட்சத்திரமும் ஒருங்கே பொருந்தும் நாளே கல்வெட்டின் நாள். பொருந்தாவிடின், கல்லில் வெட்டியவனோ, படித்தவரோ, அரசனது முதலாண்டைக் குறித்தவரோ பிழைத்திருத்தல் வேண்டும்.

ஆயினும், கணக்கு மட்டும் உண்மையை ஈன்றுவிடாது. உரையிற் கண்ட குறிப்புக்களைக் கொண்டு சிலப்பதிகார நிகழ்ச்சிக்கு அவர் 756-ஆம் ஆண்டைக் கண்டார்; அறிஞர் பலர் அதற்கு உடன்பட்டிலர். கூட்டலிற் குறையில்லை, எடுத்துக்கொண்ட குறிப்பே ஐயத்திற்கிடமாயிற்று. கணிப்பொறிக்கும் இஃது ஒக்கும்: தொடக்க நாளைத் தவறாகக் கொடுப்பின், வருந் தேதியெல்லாந் தவறேயாம்.

சென்னைச் சட்டசபைத் தலைவராய் வீற்றிருந்தபோதே 1925-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். மாணவ நண்பர்காள்! குற்றாலஞ் செல்லுங்கால் தென்காசிக் கல்வெட்டொன்றையேனும் நின்று படித்து, நாள் கணித்துப் பாருங்கள். அப்பெரியார்க்கு நாம் செலுத்துங் கடன் அதுவே.