பல்லால் பாட்டுக் கேட்ட மேதை

பாட்டை எல்லோரும் காதால் கேட்கிறோம். பல்லால் கேட்டவர் ஒருவர் இருந்தார்!

அவர்தான் தாமஸ் ஆல்வா எடிசன். மின்சார விளக்கால் புகழ் பெற்ற அதே எடிசன்தான். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பாட்டுக் கேட்க வழி செய்தவரும் அவரே. ஆனால் அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

ரெயிலில் வியாபாரம்

எடிசன் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, அமெரிக்காவில் மிலான் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் சில மாதங்களே படித்தார். பிறகு தாயாரே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

12 வயதில் ரெயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்றார். சிறு வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. வயது ஏற ஏற அந்தக் குறையும் ஏறியது.

அவர் அதற்காக மூலையில் முடங்கிவிடவில்லை. தந்தி அடிக்கும் தொழிலைக் கற்றார். முதல் மனைவி இறந்த பிறகு மினா என்ற பெண்ணை விரும்பினார். அவளுக்கும் தந்திக் குறியீடுகளைக் கற்றுக் கொடுத்தார். அவள் கையில் விரலால் தட்டியே, தன்னை மணக்கச் சம்மதமா என்று கேட்டார். அவளும் தட்டியே சம்மதம் சொன்னாள்!

பேசும் இயந்திரம்

1877-ல் ஓர் உருளையில் மெல்லிய தகரத் தாளைச் சுற்றி, அதன் முன் ஒரு குழந்தைப் பாட்டைச் சொன்னார். உருளையை மீண்டும் சுழற்றியதும் இயந்திரம் அதைத் திருப்பிச் சொன்னது. உலகம் வியந்தது. பிற்காலத்தில் தகரத் தாளுக்குப் பதில் மெழுகு உருளை வந்தது. இயந்திரத்தில் கூம்புக் குழாயும் பொருத்தப்பட்டது.

குழாய் எதற்கு? ஊசி பள்ளத்தில் ஓடும்போது ஒரு சிறு தகடு அதிரும். அது மட்டும் இருந்தால் கொசு ரீங்காரம் போல்தான் கேட்கும். வயலின் மறுகோடியில் இருப்பவரைக் கூப்பிட வாயருகே கைகளைக் குவிக்கிறோம் அல்லவா? குழாய் செய்வதும் அதுதான். குறுகித் தொடங்கி விரிந்துகொண்டே போய், சிறு அதிர்வை அறை முழுவதற்கும் கொண்டு சேர்க்கிறது. மின்சாரமே வேண்டியதில்லை.

1912-ல் எடிசன் வைர ஊசியுடன் தட்டு இயந்திரம் கொண்டு வந்தார். குழாய் அழகான மரப்பெட்டிக்குள் மறைந்திருந்தது. சப்தத்தைக் குறைக்க வேண்டுமா? ஒரு பிடியை நகர்த்தினால் போதும். மெத்தென்ற பந்து ஒன்று குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும்!

மரத்தைக் கடித்தார்

இசைத் தட்டுகளை எடிசனே சோதித்தார். இயந்திரத்தின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொள்வார். அதிர்வு எலும்பு வழியாக உட்காதுக்குப் போகும். நல்ல காதுள்ளவர்கள் கவனிக்காத குறைகளைக்கூட அவர் கண்டுபிடித்தார்.

1915 முதல் ஊர் ஊராகப் பரீட்சை நடந்தது. மேடையில் பாடகி பாடுவார். விளக்கு அணையும். பாட்டு தொடரும். விளக்கு எரியும்போது மேடையில் இயந்திரம் மட்டுமே இருக்கும்! பாடகியும் தம் குரலை இயந்திரத்துக்குத் தக்கபடி அடக்கிப் பாடியது தனி ரகசியம்.

பிடிவாதம்

ஒலியில் வென்ற எடிசன் வியாபாரத்தில் தோற்றார். தமக்குப் பிடிக்காத பாடகர்களை ஒதுக்கினார். தொடக்கத்தில் தட்டுகளில் பாடியவர் பெயரைக்கூடப் போடவில்லை. ஜனங்களோ தங்கள் அபிமானப் பாடகர்களைத் தேடி மற்றக் கம்பெனிகளுக்குப் போனார்கள். பிறகு ரேடியோவும் வந்தது. 1929-ல் எடிசன் கம்பெனி இசைத் தட்டுத் தயாரிப்பை நிறுத்தியது.

1931 அக்டோபர் 18-ந் தேதி, 84-வது வயதில் எடிசன் காலமானார்.

காது கேளாத குறை அவரைத் தடுக்கவில்லை. பிறர் விருப்பத்துக்குச் செவி கொடுக்காததுதான் அவரைத் தோற்கடித்தது. ஆனாலும் அவருடைய பழைய இயந்திரங்கள் இன்றும் சில வீடுகளில் சாவி கொடுத்ததும் பாடுகின்றன!