சாகா இனத்திற்குச் சட்டம் எழுதியவர்

ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதியவர்கள் பலர் உண்டு. மொழியை ஆய்வு செய்தவர்களும் பலர் உண்டு. ஆனால், உலகில் இல்லாத ஒரு மொழியை உருவாக்கி, அதைப் பேசுவதற்கென்றே ஓர் இனத்தைப் படைத்து, அவ்வினத்தார் எப்படிப் பெயர் சூட்டுவார்கள், எப்படி மணம் முடிப்பார்கள், வீட்டில் யார் சமைப்பார்கள் என்பது வரை எழுதி வைத்த ஒருவரை நாம் அறிவோமா? அவர்தான் பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கியன். 2001 முதல் 2003 வரை வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' திரைப்படங்களின் வழி நம்மில் பலருக்கு அவர் பெயர் அறிமுகம். நீண்ட கூந்தலோடு அம்பெய்யும் எல்ஃபுகளையும் நமக்குத் தெரியும். ஆயினும், முதுமையே அறியாத அந்த இனத்தாரின் முகத்தில் ஏன் எப்போதும் ஒரு சோகம் குடியிருக்கிறது என்பதை அறிய, அவர்களைப் படைத்தவரின் வாழ்க்கையைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

டோல்கியன் 1892ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள புளூம்ஃபோன்டைன் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் வங்கி மேலாளர். 1895இல் தாய் மேபல் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குச் சென்றார். உறவினரைப் பார்த்துத் திரும்புவதே திட்டம். ஆனால், பிரிந்திருந்த தந்தை 1896 பிப்ரவரியில் காய்ச்சலால் காலமானார். தாயும் பிள்ளைகளும் பர்மிங்காம் நகருக்கு அருகில் சேர்ஹோல் என்னும் சிற்றூரில் குடியேறினர். ஆற்றங்கரையும் மாவாலையும் மரங்களும் நிறைந்த ஊர் அது. இலத்தீன் மொழியைத் தாயே மகனுக்குக் கற்பித்தார். 1900இல் அவர் கத்தோலிக்கச் சமயத்தைத் தழுவியதும் உறவினர்களின் பண உதவி நின்றுபோனது. நீரிழிவு நோய் முற்றி, 1904 நவம்பரில் தமது 34ஆம் வயதில் அவர் கண்மூடினார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல்தான். பன்னிரண்டு வயதில் டோல்கியன் தாயையும் தந்தையையும் இழந்தவரானார். பாதிரியார் பிரான்சிஸ் மார்கன் காப்பாளராகப் பொறுப்பேற்றார்.

இந்தப் பிள்ளைக்கு மொழி ஒரு விளையாட்டுப் பொருளாக இருந்தது. வீட்டின் பின்புறம் இரயிலில் போன நிலக்கரிப் பெட்டிகளில் எழுதியிருந்த வேல்ஸ் நாட்டு ஊர்ப்பெயர்கள் அவரை மயக்கின. பொருள் தெரியாது, ஒலி மட்டும் பிடித்துப்போனது. இளம் பருவத்திலேயே உறவுப் பிள்ளைகளோடு சேர்ந்து புதுமொழி ஒன்றை உருவாக்கிப் பேசினார். 1911இல் ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸெட்டர் கல்லூரியில் சேர்ந்தபின், அக்கல்லூரி நூலகத்தில் பின்லாந்து மொழி இலக்கண நூல் ஒன்று கையில் கிடைத்தது. அதன் ஒலியழகில் பிறந்ததே எல்ஃபுகளின் 'குவென்யா' மொழி. வேல்ஸ் மொழியின் ஒலியிலிருந்து 'சிண்டரின்' பின்னர் உருவானது. அங்கு அவருக்குக் கற்பித்த ஜோசப் ரைட் என்னும் பேராசிரியரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். சிறுவயதிலேயே கூலி வேலைக்குப் போய், பதினைந்து வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர் அவர். அப்படிப்பட்டவர் ஆக்ஸ்ஃபோர்டில் மொழியியல் பேராசிரியரானார் என்றால் வியப்பாக இல்லையா?

1908இல் தாம் தங்கியிருந்த வாடகை வீட்டில் ஈடித் பிராட் என்ற பெண்ணை டோல்கியன் சந்தித்தார். அவருக்கு வயது 16, ஈடித்துக்கு 19. அப்பெண்ணும் பெற்றோர் இல்லாதவர். படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சிய பாதிரியார், 21 வயது நிறையும் வரை பேசவோ கடிதம் எழுதவோ கூடாது எனத் தடை விதித்தார். டோல்கியன் மீறவில்லை. 1913 ஜனவரி 3ஆம் நாள் பிறந்ததும் கடிதம் எழுதினார். பதில் வந்தபோது ஈடித்துக்கு வேறொருவரோடு நிச்சயமாகியிருந்தது. நேரில் சென்று பேசினார். ஈடித் அந்த நிச்சய மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். 1916 மார்ச் 22ஆம் நாள் வார்விக் நகரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. சில வாரங்களில் மணமகன் போருக்குப் புறப்பட வேண்டியதாயிற்று.

முதல் உலகப் போரில் சோம் போர்க்களம் எத்தகையது என்பது வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே டோல்கியன் செய்தித் தொடர்பு அதிகாரியாகப் பணியாற்றினார். பள்ளிக் காலத்திலிருந்தே இலக்கியம் பேசி வளர்ந்த நெருங்கிய நண்பர்கள் நால்வரில், இராப் கில்சன் 1916 ஜூலை 1ஆம் நாள் மாண்டார். கவிஞரான ஜெஃப்ரி ஸ்மித் அதே ஆண்டு டிசம்பரில் மாண்டார். பேன் பரப்பும் அகழிக் காய்ச்சலால் டோல்கியன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டதனால் உயிர் தப்பினார் எனலாம். நோயிலிருந்து தேறிய அந்நாள்களில்தான் எல்ஃபுகளின் மறைநகரம் வீழும் கதையை எழுதத் தொடங்கினார். நண்பர்களைப் பறிகொடுத்த 24 வயது இளைஞர் ஒருவர், வயதால் சாகாத ஓர் இனத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1917இல் யார்க்‌ஷயரில் ரூஸ் என்னும் ஊருக்கு அருகில், வெண்ணிறப் பூக்கள் பூத்த காட்டுவெளியில் ஈடித் அவருக்காக நடனமாடினார். அந்தக் காட்சியே லூத்தியன் என்ற எல்ஃப் இளவரசி ஆனது. மனிதனான பெரன் காட்டில் அவள் ஆடுவதைக் கண்டு காதல் கொள்கிறான். இறுதியில் அவள் அவனோடு வாழ்வதற்காகத் தன் சாகா வாழ்வையே துறந்து மரணத்தை ஏற்கிறாள்.

டோல்கியனுக்கு முன் ஆங்கிலேயரின் கற்பனையில் எல்ஃப் என்பது பூவுக்குள் ஒளியும் விரலளவுக் குட்டி உருவமாகச் சுருங்கியிருந்தது. பழைய ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஆல்ஃபிரட் என்ற அரசப் பெயருக்கே எல்ஃபின் அறிவுரை என்றுதான் பொருள். மொழி வரலாறு தெரிந்த டோல்கியன் அந்தப் பழைய பெருமையை மீட்டார். அவருடைய எல்ஃபுகள் நோயாலும் முதுமையாலும் இறப்பதில்லை. வாளால் வெட்டப்பட்டாலோ, துயரம் தாங்காமல் மனம் உடைந்தாலோ இறப்பார்கள். அப்போதும் உயிர் உலகை விட்டு நீங்காது. மாண்டோஸ் என்னும் தேவனின் கூடத்தில் காத்திருக்கும். உலகம் உள்ளவரை அவர்களும் இருந்தாக வேண்டும். மனிதனுக்கோ மரணம் உண்டு. உலகை விட்டு வெளியேறும் வழியும் உண்டு. டோல்கியன் கதைகளில் மரணம் தண்டனையன்று, இறைவன் மனிதனுக்கு அளித்த பரிசு. இது முதலில் படித்தபோது எனக்கு ஏற்கவே முடியாத கருத்தாக இருந்தது.

போருக்குப் பின் அவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிப் பணியிலும், 1920 முதல் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் இருந்தார். 1925இல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியரானார். நான்கு பிள்ளைகள், செலவுக்காக விடுமுறையில் பள்ளித் தேர்வுத்தாள்களைத் திருத்துவார். ஒரு மாணவர் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில் எழுதிய வரியே 1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்' நூலின் தொடக்கமானது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்தது. இவை அனைவரும் அறிந்தவையே.

அதிகம் பேசப்படாதது, 1950களின் பிற்பகுதியில் அவர் எழுதிய எல்ஃபுகளின் சட்டங்களும் வழக்கங்களும் பற்றிய கட்டுரை. மகன் கிறிஸ்டோஃபர் அதை 1993இல்தான் நூலில் வெளியிட்டார். எல்ஃப் குழந்தை ஒரு வயது நிறையும் முன்பே பேசிவிடும். உடலோ மெதுவாக வளரும். முழு வளர்ச்சிக்கு ஐம்பது ஆண்டுகள் ஆகும், சிலருக்கு நூறும் ஆகலாம். தந்தை ஒரு பெயர் சூட்டுவார். தாய் தம் உள்ளுணர்வில் தோன்றிய இன்னொரு பெயரைச் சூட்டலாம். பிள்ளையின் எதிர்காலம் அதில் மறைந்திருக்கும். வளர்ந்த பிறகு, தனக்குப் பிடித்த ஒலிகளைக் கொண்டு பிள்ளை தானே ஒரு பெயரைத் தெரிவு செய்யும். ஒலிச்சுவைக்கென்று ஒரு சடங்கு! நிலக்கரிப் பெட்டியின் எழுத்துகளில் மயங்கிய சிறுவனைத் தவிர வேறு யாருக்கு இப்படித் தோன்றும்?

நிச்சயத்தின்போது இருவரும் வெள்ளி மோதிரம் மாற்றிக்கொள்வர். ஓராண்டாவது காத்திருக்க வேண்டும். அதற்குள் மனம் மாறினால் மோதிரங்களை வெளிப்படையாகத் திருப்பிக் கொடுத்து உருக்கிவிடலாம். திருமணத்தில் மணமகளின் தாயும் மணமகனின் தந்தையும் இருவர் கைகளையும் சேர்த்து வைப்பர். பொன் மோதிரம் வலக்கைச் சுட்டு விரலில் ஏறும். இதைப் படிக்கையில் ஈடித் திருப்பிக் கொடுத்த மோதிரம் நினைவுக்கு வராமல் இல்லை. இல்லறத்தில் ஆணும் பெண்ணும் சமம். சமையல் பெரும்பாலும் ஆண்களின் வேலை. வழிப்பயணத்திற்கான 'லெம்பாஸ்' ரொட்டியை மட்டும் பெண்களே செய்வர். உயிரைக் கொல்லும் கை நோயைக் குணப்படுத்தும் ஆற்றலை இழக்கும் என்பதால், போருக்குப் போகாத பெண்களே பெரும்பாலும் மருத்துவம் பார்த்தனர். அவர்களின் நீண்ட ஆண்டு நமக்கு 144 ஆண்டுகள். வாரத்திற்கு ஆறு நாள். ஓர் ஆண்டில் ஆறு பருவங்கள். நம் ஆறு பெரும்பொழுதுகளைப் படித்தவர்களுக்கு இது ஓர் இனிய ஒற்றுமை.

எல்ஃபுகளுக்கு வாழ்நாளில் ஒரே திருமணம். சாகாதவர்களுக்கு மறுமணம் எதற்கு? இந்தச் சட்டம் ஒருமுறை உடைந்தது. மீரியல் என்ற அரசி, ஃபேயனோர் என்னும் மகனைப் பெற்றெடுத்ததில் தன் உயிராற்றல் முழுவதையும் இழந்தாள். வாழவே விருப்பமின்றிப் படுத்தவள் எழவில்லை. கணவன் ஃபின்வே தேவர்களிடம் முறையிட்டான். மீரியல் இனி உடலுக்குத் திரும்பமாட்டேன் என உறுதி சொன்னால் மட்டுமே மறுமணம் எனத் தீர்ப்பாயிற்று. அவள் இசைந்தாள். ஃபின்வே இண்டிஸ் என்பவளை மணந்தான். தாயில்லாப் பிள்ளை ஃபேயனோர் சிற்றன்னையையும் அவள் பிள்ளைகளையும் ஏற்கவேயில்லை. அந்தப் பிளவிலிருந்து பெரும் போர்களே விளைந்தன. பன்னிரண்டு வயதில் தாயைப் புதைத்த ஒருவர் எழுதிய கதை இது என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அதில் ஒரு மொழிச் சண்டையும் உண்டு. மீரியலின் பெயரில் நாக்கைப் பல்லில் வைத்து ஒலிக்கும் மெல்லிய 'த' ஒலி இருந்தது. காலப்போக்கில் மக்கள் அதை 'ச' என ஒலிக்கத் தொடங்கினர். தாய் சொன்ன ஒலியை மாற்றுவது தாயை அவமதிப்பது என்று ஃபேயனோர் பழைய ஒலியையே பிடித்துக்கொண்டான். இண்டிஸோ புதிய ஒலிக்கு மாறிவிட்டாள். அரச குடும்பத்தில் ஓர் எழுத்து இரு கட்சிகளை உண்டாக்கியது. ழகரத்திற்காக வகுப்பில் எழுந்து நின்று 'வாழைப்பழம்' என்று பத்து முறை சொன்ன நமக்கு இது புரியாமல் போகாது. பின்னர் ஃபேயனோரின் கூட்டத்தார் தம் இனத்தாரையே கொன்ற செய்தி அறிந்த திங்கோல் மன்னன், அவர்களின் குவென்யா மொழியைத் தன் நாட்டில் தடை செய்தான். பேசியவர்கள் சாகாமலே இருந்தும், அம்மொழி அன்றாடப் பேச்சிலிருந்து விலகி ஏட்டிலும் சடங்கிலும் மட்டும் தங்கியது.

1959இல் ஓய்வு பெற்ற டோல்கியன், எல்ஃபுகளின் முழு வரலாற்றையும் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டே இருந்தார். முடிக்கவில்லை. 'தி சில்மரில்லியன்' என்ற அந்நூலைக் கிறிஸ்டோஃபரே 1977இல் தொகுத்து வெளியிட்டார். அதற்கு முன்பே, 1971 நவம்பர் 29ஆம் நாள் ஈடித் தமது 82ஆம் வயதில் மறைந்தார். ஆக்ஸ்ஃபோர்டு, வுல்வர்கோட் இடுகாட்டில் அவர் பெயருக்குக் கீழே லூத்தியன் என்று பொறிக்கச் செய்தார் கணவர். 1973 செப்டம்பர் 2ஆம் நாள், 81 வயதில் அவரும் காலமாகி அதே குழியில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயருக்குக் கீழே பெரன் என்று பொறிக்கப்பட்டது.