முதல் மூச்சின் காவலர்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த நம் புதுக்கோட்டையிலும், பிறந்த குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே ஒரு தேர்வு உண்டு. அதை வகுத்தவர் டாக்டர் வர்ஜீனியா ஆப்கார்.

அவர் 1909-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். அண்ணன் ஒருவரைக் காசநோய் இளமையிலேயே கொண்டுபோயிற்று. 1933-இல் மருத்துவரானார். அறுவை சிகிச்சை நிபுணராக விரும்பினார். பெண்ணுக்கு அத்துறையில் வாழ்வில்லை என்று பேராசிரியர் தடுத்தார். ஆப்கார் மனம் தளராமல் மயக்க மருந்துத் துறைக்கு மாறினார்.

அக்காலப் பிரசவ அறையில் எல்லோரும் தாயையே கவனித்தனர். மூச்சுத் திணறி நீலம் பாய்ந்த சிசுக்கள் பல, கவனிப்பாரின்றி மடிந்தன. இது அவர் நெஞ்சை உறுத்தியது. 1952-இல் ஓர் எளிய வழி கண்டார். இதயத் துடிப்பு, மூச்சு, தசை வலு, தூண்டினால் சிணுங்குதல், உடல் நிறம் ஆகிய ஐந்துக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண், மொத்தம் 10. முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் இதைக் குறிப்பர்.

இன்று திணறும் குழந்தைக்கு மூச்சளிக்க எவரும் மதிப்பெண்ணுக்காகக் காத்திருப்பதில்லை. ஆயினும், பிறந்த ஒவ்வொரு சிசுவையும் உடனே உற்றுநோக்கும் வழக்கத்தை உலகெங்கும் வேரூன்றச் செய்தவர் அவரே. 1974-இல் அவர் மறைந்தார்.

தோழியரே, ஒரு கதவு அடைபட்டால் கலங்க வேண்டாம். இறைவன் தந்த ஒவ்வோர் உயிரும் கவனிக்கத்தக்கதே என்பதை மறவாதிருப்போம்!